என் பாட்டில்களுக்கு மட்டும் திருநீறு

இதை எழுத ஐந்து வருடம் தயங்கினேன். மாரியாத்தா விஷயம் வருகிறதே, அவளைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். போன வெள்ளிக்கிழமை சன்னதியில் நின்று யோசித்தேன். குறை அவளிடம் இல்லை, என்னிடம்தான். எழுதுகிறேன்.

நானும் என் கொழுந்தன் மனைவி செல்வியும் உத்தமபாளையம் பக்கம் ஒரு வாழைக்கன்று லேப்பில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். வாழைக் குருத்தைச் சின்னதாக நறுக்கி, பாட்டிலுக்குள் ஜெல்லி மாதிரி இருக்கும் சத்தில் நட்டால் ஒன்று பத்தாகக் கிளைக்கும். செல்விக்கு நறுக்கும் அறை. வெள்ளைக் கோட்டு, தொப்பி, ஏசி. எனக்குப் பாட்டில் கழுவும் தொட்டி. (அவள் பன்னிரண்டாவது, நான் எட்டாவது. ஆனால் முருங்கைக்காயை அவளைவிட வேகமாக நறுக்குவேன்.) ஒருநாள் என் வீட்டுக்காரரே, செல்வி கைபட்டால் ஒரு பாட்டில்கூடக் கெடாதாமே என்று என்னிடம் வியந்தார். அன்று அவருக்குக் குழம்பில் உப்பு இல்லை.

லேப்பை நடத்தும் மேடத்தை நச்சரித்து, செல்விக்குப் பக்கத்திலேயே ஒரு வாரம் சோதனைக்கு இடம் வாங்கினேன். பாட்டில் கெடாவிட்டால் அந்த நாற்காலி எனக்கு. கெட்டால் மறுபடி தொட்டி.

கண்ணுக்குத் தெரியாத தூசி விழுந்தாலும் பூஞ்சை பிடிக்குமாம். அதனால் கத்தியைத் தீயில் காட்ட வேண்டும். பூ, பொட்டு, வளையல் எல்லாம் வெளியே. வெறும் நெற்றியோடு உட்கார்ந்து ஓர் உயிரை நடுவதா? மனசு கேட்கவில்லை. கோட்டுப் பைக்குள் கோயில் திருநீற்றை ஒளித்துக் கொண்டுபோய், என் பாட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை போட்டு, ‘ஆத்தா, அவளைவிட எனக்கு நல்லா வரணும்’ என்று வேண்டி மூடினேன்.

ஐந்தாம் நாள் என் பாட்டில்களில் சாம்பல், பச்சை, கறுப்பு என்று மூன்று நிறத்தில் கம்பளி முளைத்திருந்தது. வாழையைத் தேட வேண்டியிருந்தது. அடியில் கிடந்த திருநீற்றை மேடம் பார்த்துவிட்டார். ஒப்புக்கொண்டேன். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவள் இவள், செல்வியின் பாட்டில்களையும் நம்ப முடியாது, மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள் என்றார் மேடம். அவளுடைய இரண்டு மாத உழைப்பு. செல்வி அழுதுவிட்டாள்.

“அக்கா, ஆத்தா மேல சத்தியமாச் சொல்லுங்க. என் பாட்டில்லயும் போட்டீகளா?”

எனக்கு வந்ததே கோபம்.

“ஒனக்கா? ஒனக்கு எதுக்குடி நான் போடணும்? நீ நல்லா வாரதுக்கு நானா வேண்டிக்கிருவேன்?”

மேடத்தின் முகக்கவசம் சிரிப்பில் குலுங்கியது. இவ்வளவு உண்மையான வாக்குமூலத்தைத் தான் கேட்டதே இல்லை என்றார். செல்வியின் பாட்டில்கள் தப்பின. ஒன்றுகூடக் கெடவில்லை.

நான் இன்றும் தொட்டியில்தான். செல்வி புதுச்சேலை எடுத்தாலும் குக்கர் வாங்கினாலும் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுகிறாள். “நல்லாப் பாத்துக்கிருங்கக்கா. நீங்க வயிறெரிஞ்சாத்தான் எனக்கு வெளங்குது.” வீடே சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன். எரியவும் செய்கிறது.

இதை யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். செல்வியைக் காப்பாற்றத்தான் நான் அப்படிப் பேசினேன், எனக்குத் தங்கமான மனசு என்று சொந்தத்தில் சிலர் மாற்றிச் சொல்லித் திரிகிறார்கள். ஆத்தா அறிய அது பொய். செல்விக்கு ஒரு சிட்டிகை கொடுக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.