பட்டன் மீது மூன்று புகார்

மார்ச் மூன்றாம் தேதி காலை எட்டு பத்துக்கு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள தையல் கடை வாசலில், ஒரு பூனை ஒரு நாயை வழிமறித்தது.

நாய் சாதாரண நாய் அல்ல. கண் தெரியாதவருக்கு வழிகாட்டப் பயிற்சி பெற்றது. அதைப் பிடித்துக்கொண்டு நடப்பவர் மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். பூனை, கடைக்காரி தையலக்கா வளர்க்கும் பட்டன். நடைபாதை விளிம்பில் நின்று, முதுகை வில்லாக வளைத்துச் சீறியது. நாய் அப்படியே நின்றுவிட்டது. நகராட்சி விலங்கு ஆய்வாளர் அதைப் பார்த்துவிட்டார்.

பணி நாயை அச்சுறுத்தும் எந்த விலங்கும் மூன்றாம் புகாரில் காப்பகக் கூண்டுக்குப் போக வேண்டும் என்பது ஊர்ச் சட்டம். எழுதியவர்கள் மனதில் இருந்தவை முரட்டு நாய்கள். ஆய்வாளரோ எழுத்துக்கு எழுத்து பார்க்கிறவர். எச்சரிக்கைப் பலகையும் பூனை வாயில் மாட்ட வாய்க்கூடும் கட்டாயம் என்று சொல்லி, முதல் புகாரைப் பதிந்துகொண்டு போனார்.

தையலக்காவுக்குக் கை ஓடவில்லை. காலையில் மெஷினை விட்டுத் தலை நிமிர நேரமில்லாதவளுக்கு வாய்த்த ஒரே பேச்சுத் துணை பட்டன்.

வேன் ஓட்டும் அவள் தம்பி பலகை எழுதிக் கொடுத்தான்: 'பூனை ஜாக்கிரதை.' அதைப் படம் பிடிக்கக் கூட்டம் கூடியது. கெட்ட பெயர் தெருவைத் தாண்டிப் பரவியது.

பூனை அளவுக்கு வாய்க்கூடு எந்தக் கடையிலும் இல்லை. சட்டைக் கை முனைக்கு வைக்கும் கஃப் துணியை வெட்டி அவளே ஒன்று தைத்தாள். மறுநாள் பட்டனால் சீற முடியவில்லை. நாய் நிற்காமல் சாலையில் இறங்கியது. பேருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. முகமூடியைக் கண்டு மிரண்ட நாய் சாலையில் பாய்ந்ததாக ஆய்வாளர் இரண்டாம் புகார் எழுதினார்.

"விடுக்கா. உள்ள போட்டுப் பூட்டு. வெளிய வந்தாத்தானே புகாரு?" என்றான் தம்பி.

பூட்டினாள். நாய் கடை வாசலில் வந்து உட்கார்ந்தது, எழவே இல்லை. ஆபரேட்டர் வேலைக்கு முக்கால் மணி தாமதம்.

"கண்ணுல படாமலே நடுங்க வைக்குதும்மா உங்க பூனை," என்று ஆய்வாளர் மூன்றாவதையும் எழுதினார்.

இத்தனைக்கும் ஆபரேட்டர் ஒரு வார்த்தை கடிந்ததில்லை. கடையைக் கடக்கும்போதெல்லாம் "ரொம்ப நன்றிம்மா" என்பார். ஊசியோடு பிழைப்பவளுக்கே அது சுருக்கென்று குத்தியது.

வெள்ளிக்கிழமை நகராட்சி அலுவலகத்தில் விசாரணை. முன்வரிசையில் ஆபரேட்டரும் நாயும் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வாளர் மூன்று புகாரையும் வாசித்தார். என்ன சொல்கிறீர்கள் என்று அதிகாரி அவளைக் கேட்டார்.

"கூண்டுல போட்டுடாதீங்க சார். கடையை வேணா வேற தெருவுக்கு மாத்திக்கறேன்."

ஆபரேட்டர் சட்டென்று எழுந்தார். "அது மட்டும் வேணாம்மா. உங்களுக்கு நன்றி சொல்லத்தான் நான் லீவு போட்டு வந்திருக்கேன்."

மிரட்டிய பூனைக்கா நன்றி என்று அதிகாரி கேட்டார்.

ஆபரேட்டர் குனிந்து நாயின் கழுத்தைத் தடவினார்.

"சொன்னா இவன் வேலை போயிடும்னுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கல. இவனுக்கும் கண்ணு தெரியாமப் போயி ஆறு மாசமாச்சு சார். பூனை சீறினா வண்டி வருதுன்னு அர்த்தம், நிப்போம். எங்க ரெண்டு பேரையும் ரோட்டைத் தாண்ட வைக்கறதே அதுதான்."

நாய்க்கு ஓய்வு கொடுத்து, ஆபரேட்டர் வீட்டிலேயே இருக்க அனுமதித்தார்கள். நகராட்சியின் பணி நாய்கள் பதிவேட்டில் பதினேழாவது பெயர்: பட்டன், பூனை.