பார்சல் கட்டிய மரம்

பூனை கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சியில் இருந்தது. உச்சியில் இருக்க வேண்டிய நட்சத்திரம் பூனையின் வாயில் இருந்தது. கீழே நின்று இரண்டு கைகளாலும் மரத்தின் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த டேப்புக்கு அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அம்மாவிடமிருந்து போன் வந்தது.

போன் சோபாவின் கைப்பிடி மேல் கிடந்தது. கையை எடுத்தால் மரம் சாய்ந்துவிடும். எடுக்காவிட்டால் ஆன்ட்டிக்குச் சந்தேகம் வந்துவிடும். உடம்பை வில்லாக வளைத்து மூக்கால் ஸ்பீக்கரை அழுத்தினான்.

"தம்பி, மரம் எப்படி இருக்கு?"

"அப்படியே இருக்கு ஆன்ட்டி. நீங்க வெச்சுட்டுப் போன மாதிரியே."

"பூனை?"

டேப்பு அண்ணாந்து பார்த்தான். "மேல... சோபா மேல படுத்திருக்கு ஆன்ட்டி. நல்ல தூக்கம்."

எதிர்முனையில் யாரோ குபீரென்று சிரிக்கும் சத்தம் கேட்டது. டிவி ஓடுகிறது என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி போனை வைத்துவிட்டார்.

டேப்பு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கோடவுனில் பார்சல் கட்டுகிற வேலை அவனுக்கு. மற்றவர்கள் ஒரு பெட்டிக்கு ஒரு சுற்று டேப் ஒட்டினால் இவன் நான்கு சுற்று ஒட்டுவான். எது எங்கே உடைந்து தொலைக்குமோ என்ற பயம் அவன் கூடவே பிறந்தது. வெளியே கிளம்பும்போது கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, படி இறங்கி, மறுபடி ஏறி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பான். சொந்த ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, யாரோ ஒருவர் வீட்டின் பின்னறையில் குடியிருக்கிறவனுக்குப் பயம் ஒன்றுதான் சொந்தச் சொத்து.

இப்போது அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. கல்யாணமான கையோடு விமானம் ஏறியவன் அவன். மனைவிக்கு இப்போதுதான் விசா வந்திருந்தது. ஆனால் அந்த நகரத்தில் புருஷன் பொண்டாட்டிக்கு அறை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. தயங்கித் தயங்கி ஆன்ட்டியிடம், அவளும் இங்கேயே வந்து இருக்கலாமா என்று கேட்டுவிட்டான். தனக்கு ஒன்றுமில்லை, அங்கிள்தான் சொல்ல வேண்டும் என்றார் ஆன்ட்டி. அங்கிள் ஆயுள் முழுக்க ரயில் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எஞ்சின் சத்தத்தில் பேசிப் பிரயோஜனமில்லை என்று பேச்சையே விட்டுவிட்டவர். எதற்கும் "ம்" என்பார். சரி என்பதற்கு ஒரு "ம்", வேண்டாம் என்பதற்கு ஒரு "ம்", காபி வேண்டும் என்பதற்கு ஒரு "ம்". மூன்றையும் டேப்பு தனித்தனியாகப் படித்து வைத்திருந்தான். மனைவி விஷயத்தில் அவர் சொன்னது மூன்றிலும் சேராத ஒரு "ம்".

"நாங்க மக வீட்டுக்குப் போய்ட்டு வந்து முடிவா சொல்றோம்" என்றார் ஆன்ட்டி. "அதுவரைக்கும் மரமும் பத்திரம், பூனையும் பத்திரம். அந்தக் கண்ணாடி உருண்டை எல்லாம் எங்க கல்யாணத்துக்கு வந்தது. பூனையை மட்டும் ரூமுல போட்டு அடைச்சுடாத. அதுக்கு மனசு விட்டுப்போயிரும், சோறே திங்காது. மரத்தையும் நகத்தாத. பேத்தி வந்ததும் முதல்ல அந்த மூலையைத்தான் பாப்பா."

பூனையையும் அடைக்கக் கூடாது, மரத்தையும் நகர்த்தக் கூடாது. டேப்பு பெரிதாகத் தலையாட்டினான். அங்கிள் ஸ்டூல் போட்டு ஏறி, மகள் அனுப்பிய வெள்ளை ஆந்தை பொம்மை ஒன்றை மரத்துக்கு எதிரே இருந்த புத்தக அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "ம்" என்றார். கிளம்பிவிட்டார்கள்.

பூனையின் பெயர் இன்ஸ்பெக்டர். வாலை லத்தி மாதிரி நிமிர்த்திக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்வையிடுவதால் வந்த பெயர். வீட்டுக்காரர்கள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார்கள், இன்ஸ்பெக்டர் மரத்தடிக்கு வந்து நின்று, மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்துவிட்டு, டேப்புவையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு ஏறிவிட்டார்.

ஆன்ட்டி மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து போன் செய்த பிறகும் அவர் இறங்கவில்லை; கீழே இறக்க டின் மீன் ஒன்றைத் திறக்க வேண்டியிருந்தது. நட்சத்திரத்தின் ஒரு முனை போயிருந்தது. அதற்கு டேப் ஒட்டினான்.

நிலைமையை அவன் தொழில்முறையில் யோசித்தான். உடையக்கூடிய சாமானை எப்படிக் காப்பாற்றுவது? அதுதானே தினமும் செய்கிற வேலை. முதலில் ஆடாமல் கட்ட வேண்டும். கோடவுனிலிருந்து சணல் கயிறு கொண்டுவந்து மரத்தை ஜன்னல் கம்பியோடு விறைப்பாகக் கட்டினான். வேலைக்குப் போய்விட்டுத் திரும்பினால், இன்ஸ்பெக்டர் கயிற்றில் தொங்கி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தார். கயிற்றோடு சேர்ந்து திரைச்சீலையும் கிழிந்து அதன் குழாயோடு கீழே வந்திருந்தது. மரம் ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்ப்பது போலச் சாய்ந்திருந்தது.

கட்டினால் போதாது, உறை போட வேண்டும் என்று தோன்றியது. குமிழ் குமிழாகக் காற்று அடைத்த பிளாஸ்டிக் உறையை மரத்தின் கீழ்ப்பாதிக்குப் புடவை மாதிரி சுற்றினான். இன்ஸ்பெக்டர் ஒரு குமிழை நகத்தால் தொட்டார். டப் என்றது. காதை விறைத்துக்கொண்டு யோசித்தார். இன்னொன்றைத் தொட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் பட்டாசுக் கடை தீப்பிடித்த மாதிரிதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் உறையைக் கடிக்கவும் ஆரம்பித்தார். பிளாஸ்டிக்கை விழுங்கி வைத்தால் என்ன ஆவது? மரத்தைக் காப்பாற்றப் போட்ட உறையிலிருந்து பூனையைக் காப்பாற்ற டேப்பு தரையில் உருள வேண்டியதாயிற்று. கையில் கீறல். அதற்கும் டேப்தான்.

மனைவி போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூச்சு விடாமல் சிரித்தாள்.

"ஒரு பூனையை வெச்சு சமாளிக்க முடியல. நான் வந்தா என்ன பண்ணப் போறீங்க?"

"நீ மரத்துல ஏற மாட்ட இல்ல?"

"அது நீங்க நடந்துக்கறதைப் பொறுத்து."

மறுநாள் கோடவுன் சூப்பர்வைசரிடம் காலி அட்டைப்பெட்டிகள் கேட்டு வாங்கி, மரத்தைச் சுற்றி மார்பளவு உயரத்துக்குக் கோட்டை கட்டினான். மூலைக்கு மூலை டேப். பூனை வளர்த்த எவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், பூனைக்கும் அட்டைப்பெட்டிக்கும் உள்ள உறவைப் பற்றி. இன்ஸ்பெக்டர் ஆனந்தத்தில் வாயடைத்துப் போனார். ஒவ்வொரு பெட்டியாகப் புகுந்து பார்த்து, ஒன்றை ஆபீஸாகவும் ஒன்றைப் படுக்கையறையாகவும் வைத்துக்கொண்டார். மிச்சப் பெட்டிகள் மரத்தின் நடுக்கிளைக்குப் போக நல்ல மாடிப்படியாக உதவின. அதுவரை எக்கிப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தவர், இப்போது கௌரவமாக நடந்து போனார்.

ஒரு கண்ணாடி உருண்டை விழுந்தது. டேப்பு பாய்ந்து, வயிற்றால் தரையில் வழுக்கிக்கொண்டு போய், அதை உள்ளங்கையில் பிடித்தான். பிடித்தபடியே கிடந்தான். உடனே போன் அடித்தது.

"மரம் எப்படி இருக்கு தம்பி?"

"அப்படியே இருக்கு ஆன்ட்டி."

"சரி சரி. சில்லுனு இருக்கும், தரையில கிடக்காத. உடம்புக்கு ஆகாது."

போனை வைத்த பிறகுகூட அந்த வார்த்தை அவன் நெஞ்சில் நின்றது. பெற்ற தாய் மாதிரி என்று நினைத்துக்கொண்டான். அப்படிப்பட்டவரிடம் பொய் சொல்கிறோமே என்று இன்னும் கொஞ்சம் பயந்தான்.

கடைசியில் உருண்டைகளை எல்லாம் இறக்கிவிட்டான். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, ஒரு பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, "உடையும் பொருள், கவனம்" என்று மேலே எழுதினான். எழுதி முடித்த நிமிஷம் இன்ஸ்பெக்டர் வந்து அந்தப் பெட்டியின் மேல் படுத்துவிட்டார். நகர்த்தப் போனால் உறுமினார். கண்ணாடி பத்திரமாகிவிட்டது, சரி. ஆனால் வீட்டுக்காரர்கள் வருவதற்குள் அதைத் திரும்ப மாட்டியாக வேண்டுமே.

மரம் மொட்டையாக நின்றது. டேப்பு வெறும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். எதிரே ஆந்தை பொம்மை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஒரு இடத்தில் நின்ற ஒரே ஆள் அதுதான்.

"நீயே சொல்லு" என்றான் ஆந்தையிடம். "நான் என்ன அரண்மனையா கேட்டேன்? அவ வந்து இந்தப் பின்னறையில இருந்துட்டுப் போறா. சமையக்கட்டைக்கூடப் பெருக்கித் தொடைச்சு வெச்சிருவோம். கல்யாணமாகி அவ முகத்தை நேர்ல பாத்ததைவிட போன்ல பாத்ததுதான் அதிகம். அவ உயரம் எவ்வளவுன்னே மறந்துபோச்சு. அந்த அங்கிள் ஒரு நல்ல 'ம்' போட்டா என்ன குறைஞ்சா போயிருவாரு?"

அன்று ஆன்ட்டி போன் செய்தபோது குரல் கரகரவென்று இருந்தது. மரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. வெறும் ரொட்டியைத் தின்னாதே, ஃப்ரிட்ஜில் முட்டை இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார்.

"சளி பிடிச்சிருக்கா ஆன்ட்டி?"

"லேசா" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் டேப்பு கடைசி ஆயுதத்தை எடுத்தான். பூனைக்கு நாய் என்றால் பயம் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். நாய்க்கு எங்கே போவது? ஃப்ரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கோடவுனிலிருந்து தலையில் சுமந்து வந்தான். அதை மரத்தடியில் வைத்து, உள்ளே போய்க் குந்திக்கொண்டான். கண்ணுக்கு ஒரு ஓட்டை. இன்ஸ்பெக்டர் உருண்டைப் பெட்டியை விட்டு இறங்கி மரத்தை நோக்கி வந்ததும் அடிவயிற்றிலிருந்து குரைத்தான்.

இன்ஸ்பெக்டர் நின்றார். டேப்பு இன்னும் ஆவேசமாகக் குரைத்தான். நடுவில் ஒரு ஊளையும் சேர்த்துக்கொண்டான். இத்தனை நாளும் பெட்டி மட்டும்தான் கொடுத்தாய், இன்று உள்ளே ஆளையும் வைத்துக் கொடுக்கிறாயே என்பது போல இன்ஸ்பெக்டர் நெகிழ்ந்து போனார். ஓட்டையைக் கிழித்து உள்ளே வந்து, அவன் மடியில் ஏறி, சுருண்டு படுத்து, குர்ரென்று இரைய ஆரம்பித்தார். அந்த வீட்டுக்கு வந்த நாளாக அவர் டேப்புவைத் தொட்டதே இல்லை. அவனுக்கு அழுவதா குரைப்பதா என்று தெரியவில்லை.

வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டுக்காரர் நின்றிருந்தார். இந்தக் கட்டடத்தில் நாய் வளர்க்க அனுமதி இல்லை, அதுவும் இப்படி நோயில் கிடக்கிற நாயை, வீட்டுக்காரர் வரட்டும் என்று பொரிந்து தள்ளினார். டிவி என்றான் டேப்பு. டிவி இருமாது என்றார் அவர்.

அவர் போனதும் ஆன்ட்டியின் போன். குரலில் ஒரு தவிப்பு இருந்தது.

"இங்க கரண்ட் போயிருச்சு தம்பி. எல்லாரும் அப்படியே இருட்டுல உக்காந்திருக்கோம். அங்க என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல ஆன்ட்டி. எல்லாம் அமைதியா இருக்கு."

"அப்படியா" என்றார். ஏனோ அவருக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்த மாதிரி தெரிந்தது.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். டேப்பு நாற்காலி மேல் நின்று பாதி உருண்டைகளைத்தான் மாட்டியிருந்தான். மரம் மூன்று பக்கமும் டேப்பால் சுவரோடு ஒட்டப்பட்டிருந்தது. நட்சத்திரத்தின் இடத்தில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். அறையெங்கும் கிழிந்த அட்டை. போதாததற்கு வழியிலேயே கீழ் வீட்டுக்காரர் நாய் விஷயத்தைப் போட்டுக் கொடுத்திருந்தார்.

டேப்பு நாற்காலியை விட்டு இறங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். மரம் அப்படியே இருக்கிறது என்று தினமும் சொன்னது பொய். சோபா பொய். திரைச்சீலையைத் தைத்து வைத்திருக்கிறேன், ஆனால் தையல் கொஞ்சம் கோணல். ஒரு உருண்டைகூட உடையவில்லை, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். குரைத்ததை மட்டும் சொல்லவில்லை. நாய் டிவியில் வந்தது என்றே சாதித்தான். மனுஷனுக்கு எங்கேயாவது கொஞ்சம் மானம் மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா.

ஆன்ட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விட்டார். முதுகு குலுங்கியது. அழுகிறார் என்றே டேப்பு நினைத்தான். கல்யாணத்துக்கு வந்த உருண்டைகள் ஆயிற்றே. அவன் மனதுக்குள் தன் பெட்டியைக் கட்டி, நான்கு சுற்று டேப்பும் ஒட்டிவிட்டான். மனைவிக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அங்கிள் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தரையில் கிடந்த பிளாஸ்டிக் உறையில் மிச்சமிருந்த ஒரே குமிழைக் கட்டைவிரலால் அழுத்தினார். டப். ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். "ம்" என்றார். அது எந்த "ம்" என்று டேப்புக்குப் பிடிபடவில்லை. பிறகு சோபாவில் சாவகாசமாகச் சாய்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வீட்டில் டேப்பு முதன்முதலாகக் கேட்ட முழு வாக்கியத்தைச் சொன்னார்:

"தம்பி, உன் சம்சாரம் வந்ததும் அவளையும் எங்க பக்கத்துல உக்கார வெச்சுட்டு இந்தப் பெட்டிக்குள்ள இருந்து இன்னொரு வாட்டி குரைச்சுக் காட்டு, அன்னிக்கு நீ ஊளை விட ஆரம்பிச்சப்ப பாத்து எங்க பக்கம் கரண்ட் போயி, ஆந்தைக் கேமராவுல மீதியைப் பாக்க முடியாமப் போச்சு."