போர்டு பாய் எழுதிய கடைசி வரி

வெளிநாட்டு உதவியால் நமக்கு நன்மை உண்டா இல்லையா என்று உலகம் முழுக்க மாநாடு போட்டுப் பேசுகிறார்கள். வீண் அலைச்சல். திருவல்லிக்கேணியில் இறங்கி போர்டு பாயிடம் கேட்டிருந்தால், ஒரு டீ ஆறுவதற்குள் விடை கிடைத்திருக்கும்.

அப்போது அடையாறில் ஒரு தொண்டு நிறுவனத்தில் அறிக்கை எழுதும் உத்தியோகத்தில் இருந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் எதைக் கொடுத்தாலும், பக்கத்தில் 'இன்னாரின் உதவியுடன்' என்று ஒரு போர்டு நிற்க வேண்டும் என்பது விதி. கடற்காற்றுக்கு ஃப்ளெக்ஸ் ஒரு மாதம் தாங்காது. அதனால் தகரத்தில் பெயின்டால் எழுதுவோம். எழுதுகிறவர் பாய். அவருடைய நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒருமுறை ஒரே ஒரு கழிப்பறைக்கு ஏழு அமைப்புகள் சேர்ந்து உதவின. ஏழு பெயரையும் எழுதியதில் போர்டு கழிப்பறையைவிட அகலமாகிவிட்டது. கதவு வந்து சேரத் தாமதமானதால், ஜனங்கள் கொஞ்ச நாள் போர்டுக்குப் பின்னால்தான் ஒதுங்கினார்கள்.

"எது எப்டியோ சார், நம்ம போர்டு யூஸ் ஆய்க்கினு கீது," என்றார் பாய்.

எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிற ஆசாமி இல்லை அவர். மூன்று மாதம் கழித்து மொபெட்டில் பெயின்ட் டப்பாவோடு போய்ப் பார்ப்பார். கொடுத்த பொருள் ஓடினால், போர்டுக்கு இன்னொரு கோட்டிங் இலவசம். ஓடாவிட்டால், கொடுத்தவர் பெயரை வெள்ளை பெயின்டால் அழித்துவிடுவார். ஒரு பயிற்சி மையத்தில் தையல் மிஷின் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு நாட்டையே அழித்துவிட்டு வந்தார். தூதரகத்திலிருந்து எங்களுக்கு போன் வந்தது.

"யாரைக் கேட்டு அழிச்சீங்க பாய்?" என்றேன்.

"நான் எழுதுனத நாலு பேரு படிக்கிறான் சார். பொய்யின்னா என் மூஞ்சியத்தான பாப்பான்?"

இந்தப் பழக்கம் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

அடையாற்றங்கரைக் குப்பம் ஒன்றுக்குக் குடிநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் வந்திருந்தது. ஐரோப்பாவில் செய்தது. நாலாம் மாதம் அதன் மோட்டார் படுத்துவிட்டது. உதிரி பாகம் அங்கிருந்துதான் வர வேண்டும். அதற்கு ஒரு படிவம், படிவத்துக்கு ஒரு ஒப்புதல். ஐந்து மாதமாகப் பெண்கள் மறுபடி குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். அந்த நேரம் பார்த்து, கொடுத்தவர்கள் சார்பில் ஓர் அம்மையார் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. எல்லாம் சரி என்று அவர் எழுதினால்தான் அடுத்த வருஷம் எங்கள் நிறுவனம் இருக்கும், நானும் இருப்பேன்.

எங்கள் நிறுவன டைரக்டர் யோசனைப்படி லாரித் தண்ணீரை இயந்திரத்தின் தொட்டியில் நிரப்பினோம். குழாயைத் திறந்தால் ஜோராகக் கொட்டியது. போர்டைப் பளிச்சென்று ஆக்க பாயையும் வரவழைத்தோம். புத்தி கெட்டுப் போனதென்றால் அன்றைக்குத்தான்.

மறுநாள் அம்மையார் வந்தார். தண்ணீர் பிடித்து ஒரு வாய் குடித்தார், சிரித்தார். இரண்டாவது வாய்க்கு முன்னால் போர்டைப் படித்தார். தம்ளர் பாதியில் நின்றது. போர்டின் அடியில், அதே அழகான எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி சேர்ந்திருந்தது: 'ஐந்து மாதமாக வேலை செய்யவில்லை. இப்போது வருவது லாரித் தண்ணீர்.'

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

இது உண்மையா என்று அம்மையார் குப்பத்து அஞ்சலையிடம் கேட்டார். மொழிபெயர்க்க வேண்டியவன் நான்.

"நெஜந்தாம்மா," என்றாள் அஞ்சலை. "மிஷினு குடுத்தீங்க, சந்தோசம். இந்த சாமான் இங்க கெடைக்காதுன்னு நம்ம மெக்கானிக்கு கைய விரிச்சுட்டான். அவனே ரிப்பேர் பண்ற மாதிரி மோட்டாரா குடுங்கன்னு மொதல்லயே சொன்னோம். இந்த சாருதான் எழுதிக்கினு போனாரு."

எழுதிக்கொண்டு போனது வாஸ்தவம். அறிக்கையிலிருந்து அந்த வரியை எடுத்தவனும் நானேதான். எனக்கு அவமானமாக இருந்தது. மாற்றிச் சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் பெயின்ட் டப்பாவோடு பாய் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

அம்மையார் முகம் சிவந்துதான் போனார். பாய் இனி ஆபீஸ் வாசலை மிதிக்கக் கூடாது என்றார் டைரக்டர். ஆனால் ஆறே வாரத்தில் கடிதம் வந்தது: கோயம்புத்தூர் மோட்டார் போட்டுக்கொள்ளலாம், குப்பத்து மெக்கானிக்குக்கே பயிற்சி கொடுக்கலாம். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் பாய் கூப்பிடாமலே வந்து அந்த வரியை அழித்தார். அதே இடத்தில் 'பழுதானால் கூப்பிடவும்' என்று எழுதி, என் செல் நம்பரைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இன்று வரை குப்பத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். கேஸ் சிலிண்டர் வராவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

பாய் இப்போது ஆதம்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் சரியாகத் தெரிவதில்லை. மொபெட்டைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எனக்கு போன் செய்வார்.

"இன்னா சார், தண்ணி வருதா?"

வருது பாய் என்று வீட்டில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். அவருக்குத் தெரியவா போகிறது. ஆனால் அந்த மனுஷனிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. அதனால் வெள்ளிக்கிழமை காலையில் குப்பத்துக்குப் போய், குழாயைத் திறந்து, ஒரு தம்ளர் குடித்துவிட்டு வந்துதான் அவர் போனுக்குக் காத்திருக்கிறேன்.