நாலு மீட்டரில் தரை

கருவியின் திரை நாலு மீட்டர் ஆழத்தில் தரை என்றது. கலெர்வோ நம்பவில்லை. ஈயக் குண்டு கட்டிய தூண்டில் நரம்பை, உறைந்த ஏரியில் துளைத்திருந்த அதே ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். குண்டு நாலைத் தாண்டி, ஏழையும் தாண்டி, பதினொன்றில் போய்த்தான் தரையைத் தொட்டது.

"பதினொண்ணு," என்றார் கருவியிடம்.

கருவி மறுபடியும் நாலு என்றது.

வேறு யாராவது என்றால் அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, ஏரி உறைந்த காலம் முதல் எல்லோரும் செய்வதுபோலத் தூண்டிலைப் போட்டுக் காத்திருப்பார்கள். கலெர்வோ ஓய்வு பெறும் வரை குவோபியோ நகரத்து லிஃப்டுகளைப் பழுது பார்த்தவர். 'சரி பண்ண முடியாது' என்ற வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததே இல்லை என்பதில் அவருக்குப் பெருமை. அந்தப் பெருமை ஊருக்கும் தெரிந்திருந்தது, அவரே சொல்லியிருந்தார்.

போதாக்குறைக்கு அன்று ஊர் மீன்பிடி நாள். மதியம் கரையில் பெரிய அண்டாவில் மீன் சூப்பு கொதிக்கும். ஊரே கிண்ணத்தோடு வந்து நிற்கும். இந்த வருஷக் கூட்டத்தில் கலெர்வோ எழுந்து நின்று, "உருளைக்கிழங்கு, வெங்காயம், பால் மட்டும் நீங்க கொண்டு வாங்க. மீன் என் பொறுப்பு. மீன் எங்க இருக்குன்னு காட்டுற மிஷினு வாங்கியிருக்கேன்," என்று அறிவித்துவிட்டார்.

சூப்புக்குப் பொறுப்பான ஹில்க்கா தயங்கித் தயங்கி, "எதுக்கும் கடையில கொஞ்சம் வாங்கி வெச்சுக்கட்டுமாண்ணே?" என்று கேட்டாள்.

"என்னை நம்பலேன்னா வாங்கிக்கோ," என்றார் கலெர்வோ. அதற்கு மேல் யாரால் வாங்க முடியும்?

இப்போது பக்கத்து ஓட்டையில், கவிழ்த்த வாளிமேல் மச்சான் உர்போ உட்கார்ந்திருந்தான். கலெர்வோவின் மனைவி ஒர்வோக்கியின் தம்பி. கையில் முழ நீளத் தூண்டில். வேறு கருவி எதுவும் இல்லை.

"என்ன மாப்ள, ஏரி வத்திப் போச்சா?"

"பேட்டரி குளிர்ந்துபோச்சு. வோல்டேஜ் இறங்கினா கணக்கு தப்பும். வேற ஒண்ணுமில்ல."

பேட்டரியைக் கழற்றிக் கம்பளிச் சட்டைக்குள், வயிற்றோடு வைத்துக் கட்டினார். ஒயர் சிறியது. அதனால் கருவியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பனியில் மண்டியிட்டுக் கிடக்க வேண்டியதாயிற்று. சறுக்கு வண்டியில் காப்பி பிளாஸ்கை இழுத்துக்கொண்டு வந்த ஒர்வோக்கி இந்தக் காட்சியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"எதுக்கு அதைக் கட்டிப் பிடிச்சுட்டு இருக்கே?"

"வைத்தியம் பண்றேன்."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இவ்வளவு பண்ணலியே."

வைத்தியம் பலித்தது. சூடேறிய பேட்டரியில் திரை பளிச்சென்று தெளிந்தது. நாலு மீட்டரில் இருந்த தரை இப்போது கட்டை விரல் பருமனில், இரத்தச் சிவப்பில் தெரிந்தது.

"அப்போ கோளாறு பேட்டரியில இல்ல. சென்சார்ல," என்றார் கலெர்வோ. ஓட்டைக்குள் தொங்கிய சென்சாரை இழுத்துப் பார்த்தார். அடியில் மெல்லிய பனிப் படலம். முகத்தில் வெற்றிக் களை வந்தது. "பார்த்தியா? இதுதான். அந்தப் பிளாஸ்கைக் குடு."

"குடிக்கத்தானே?" என்றாள் ஒர்வோக்கி.

குடிக்க இல்லை. சுடச்சுட இருந்த காப்பி முழுவதையும் அவர் சென்சார்மேல் ஊற்றினார். உர்போ தொப்பியைக் கழற்றித் தலை குனிந்து நின்றான்.

"இதுக்கு நீ பதில் சொல்லியே ஆகணும் மாப்ள. எனக்கில்ல. மேல போனப்புறம்."

பனி கரைந்தது. சென்சாரை நீரில் விட்டதும் தரை இன்னும் அரை மீட்டர் மேலே வந்து, மூன்றரையில் நின்றது.

கலெர்வோ மூச்சை இழுத்து விட்டார். லிஃப்டில் கோளாறு என்றால் முதலில் எந்த மாடியில் கோளாறு என்று பார்க்க வேண்டும். ஒரே ஓட்டையில் உட்கார்ந்துகொண்டு கருவியைக் குற்றம் சொல்லக் கூடாது. பனிக்கட்டியைத் துளைக்கும் துரப்பணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கூப்பிடு தூரம் நடந்து, புது ஓட்டை போட்டார். சென்சாரை விட்டார்.

பதினொன்று.

குண்டை விட்டார். பதினொன்று.

நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டார். "எல்லாரும் இங்க வாங்க. சரி பண்ணிட்டேன்."

பனிமேல் சத்தம் நெடுந்தூரம் போகும். ஏழெட்டுப் பேர் வாளியும் தூண்டிலுமாக நடந்து வந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்து, கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தபோது எண் மெல்ல நகர்ந்தது. பத்து. ஆறு. நாலு. அங்கே நின்றுகொண்டது.

"நாலுன்னு காட்டுதே," என்றார் ஒருவர் மரியாதையாக.

"பொய் சொல்லுது," என்றார் கலெர்வோ. "இந்த இடமே சரியில்ல."

அதன் பிறகு அவர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஓட்டை போடுவார், சென்சாரை விடுவார், "இங்கயும் நாலு மீட்டர்ல தரையாம், பொய்யைப் பாரு," என்று ஏரிக்கே கேட்கும்படி கருவியைத் திட்டுவார். கையோடு தூண்டிலை ஒருமுறை அடிவரை, பதினொன்று வரை இறக்கிப் பார்ப்பார். அடியில் ஒன்றும் கடிக்காது. எழுந்து அடுத்த இடத்துக்குப் போவார். சிக்னல் போதவில்லையோ என்று கருவியின் உணர்திறனைக் கூட்டினார். திரை முழுவதும் சிவப்பாகி, ஏரியே கல்லால் கட்டியதுபோலத் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தால், அவர் விட்டு வந்த ஓட்டைகளைச் சுற்றியெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"வேடிக்கை பார்க்க முன் வரிசையில இடம் பிடிக்கிறாங்க," என்றார் கலெர்வோ பல்லைக் கடித்துக்கொண்டு. "பார்க்கட்டும். எப்படி வேலை செய்யணும்னு கத்துக்கட்டும்."

கூடவே வந்த உர்போவுக்கு இரக்கம் வந்துவிட்டது. "மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பி மாப்ள. என் போனுக்கு அப்படித்தான் பண்ணினேன்."

"சரியாச்சா?"

"என் பொண்ணு நம்பர்கூட இல்லாமப் போச்சு. ஆனா போன் நல்லா வேலை செய்யுது."

கலெர்வோ மெனுவில் கடைசியாக இருந்ததை அழுத்தினார். திரை இருண்டது, வெளுத்தது, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. தடித்த கையுறையோடு விரல் எங்கோ பட்டுவிட்டது. திரை முழுக்கக் கட்டம் கட்டமாக எழுத்துகள் வந்து நின்றன.

"இது எந்த ஊரு எழுத்து?"

"ஜப்பான் மாதிரி இருக்கு," என்றான் உர்போ. "உனக்கு ஏதாவது புரியுதா?"

"ஒண்ணே ஒண்ணு புரியுது."

நாலு.

கடைசியில் கலெர்வோ கத்தியை எடுத்தார். கருவியைப் பிரித்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டார். ஒர்வோக்கி தன் சால்வையைப் பனிமேல் விரித்துக் கொடுத்தாள். அவரைத் தடுத்துப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு திருகாணி உருண்டு ஓட்டைக்குள் விழுந்து மறைந்தது. மூடி கழன்றது. கலெர்வோ கையுறையைக் கழற்றிவிட்டு, விறைக்கும் விரல்களால் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் கச்சிதம். ஒரு பற்றவைப்புகூட விடவில்லை, ஓர் இணைப்புகூடத் தளரவில்லை. இவ்வளவு ஒழுங்காகச் செய்த பொருளை அவர் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறார்.

அதுதான் அவரை உடைத்தது. கோளாறு இருந்தால் சண்டை போடலாம். கோளாறே கண்ணில் படாவிட்டால் யாரோடு சண்டை போடுவது?

காற்று ஒரு வீச்சு வீசியது. பொடிப்பனி திறந்து கிடந்த கருவிக்குள் போய் நிரம்பியது. நாலு ஒருமுறை மினுக்கி அணைந்தது.

கரையில் மதிய மணி அடித்தார்கள்.

எதிர்க்கரை பக்கத்தில்தான் இருந்தது. அந்த வழியாகப் போனால் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குப் போய்விடலாம். கலெர்வோ அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, ஊர் நின்ற கரையை நோக்கி நடந்தார். ஒர்வோக்கி கருவியைச் சறுக்கு வண்டியில் கிடத்திச் சால்வையால் போர்த்தினாள், முகம் மட்டும் தெரியும்படி.

"முழுசா மூடு," என்றார் அவர்.

மூடினாள். கொஞ்ச தூரம் போனதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயே முந்திக்கிட்டுச் சொல்லிடு. அடுத்தவன் சொல்லிக் கேட்கிறதைவிட அது மேல்."

"அப்படித்தான் நினைச்சேன்."

கரையில் ஊர் முழுவதும் கிண்ணத்தோடு நின்றது. அண்டாவுக்குப் பின்னால் ஹில்க்கா அகப்பையும் கையுமாக நின்றாள். கலெர்வோ நேராகப் போய், எல்லோரும் பார்க்கும்படி நடுவில் நின்றார். முதுகு வளையவில்லை.

"ஒரு விஷயம் சொல்லணும். மீன் என் பொறுப்புன்னு சொன்னேன். ஒரு மீன்கூடக் கொண்டு வரல. மிஷினு காலையில இருந்து ஒரே பொய்யா சொல்லிச்சு. எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் எல்லாம் பண்ணினேன், சரி பண்ண முடியல." அந்த வார்த்தையை வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல்லியாயிற்று. "உருளைக்கிழங்கு சூப்பும் நல்லாத்தான் இருக்கும். குத்தம் என்மேல."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹில்க்கா அண்டாவின் மூடியைத் திறந்தாள். ஆவி விலகியதும் கலெர்வோ எட்டிப் பார்த்தார். பாலும் வெண்ணெயும் மிதக்க, உருளைக்கிழங்கே தெரியாத அளவுக்கு முயிக்கு என்ற சின்ன ஏரி மீன்கள், வெள்ளி வெள்ளியாக, விளிம்பு வரை. பக்கத்தில் இன்னும் இரண்டு வாளி நிறைய, சுத்தம் செய்யாமல் இருந்தன.

அவர் முகம் வாடிவிட்டது. "கடையில வாங்கிட்டே," என்றார் தணிந்த குரலில். "கடைசியில என்னை நம்பலே, இல்லையா?"

ஹில்க்கா அவருக்கென்று முதல் கிண்ணத்தை நிரப்பி நீட்டினாள்.

"யார் கடைக்குப் போனா? நீங்க எந்தெந்த ஓட்டையில 'நாலு மீட்டர்ல தரையாம், பொய்'னு கத்திட்டு எழுந்து போனீங்களோ, அங்கயெல்லாம் நாங்க போய் நாலு மீட்டர்ல தூண்டிலை நிறுத்தினோம். தரை மாதிரி அடர்ந்து நின்னது மீனுண்ணே."