திருநீறு குடித்த எஞ்சின்

மனிதனுக்குப் புத்தி வருவதற்கு முன்னால் கார் வரக்கூடாது. எனக்கு இருபத்தாறு வயதில் கார் வந்துவிட்டது. (மற்றது எப்போது வந்தது என்று என் மனைவியிடம் கேட்டால், "வரட்டும், சொல்றேன்" என்பாள்.)

கார் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எண்ணூறு சிசி, மூன்று சிலிண்டர். ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வர வைத்திருந்த வண்டி. மாத்தளையில் துணிக்கடையில் வேலை செய்த நான் அதை வாங்கிய கையோடு, எஞ்சினைப் பிரித்துக் கட்டி ரேஸ் கார் ஆக்கிவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்தேன். போனில் பார்த்த வீடியோக்களில் எவனெவனோ இத்தனூண்டு எஞ்சினை வைத்துக்கொண்டு புழுதி பறக்க விட்டுக்கொண்டிருந்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேகம் முக்கியமில்லை. உக்குவளையில் கராஜ் வைத்திருந்த ஆறுமுகம் பாஸின் மகள் ரேணுகாதான் முக்கியம். மெக்கானிக் கோர்ஸ் முடித்துவிட்டு அப்பாவுக்குச் சமமாக ஸ்பேனர் பிடித்தவள். வண்டியில் ஒரு கோளாறும் இல்லாத வாரங்களிலும் நான் அங்கே போய் நின்றேன். அதுவரை அவள் என்னை 'அண்ணே' என்று கூப்பிடவில்லை. அந்த ஒரே நம்பிக்கையில் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த எஞ்சின ஸ்பீடுக்குக் கட்டலாமா?" என்று அவளிடமே கேட்டேன்.

பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தக் கேஜை வைத்துப் பார்த்தாள்.

"மூனுல ரெண்டுக்கு முழுப்பேரு போடலாங்க. ஒன்னுக்கு அரைப்பேருதான்." (தோட்டத்தில் சொன்ன எடைக்குக் கொழுந்து பறிக்காதவருக்கு அரைநாள் சம்பளம்தான் விழும். அதுதான் அரைப்பேர்.)

"அப்ப பிரயோசனமில்லன்னு சொல்றீங்களா?"

"கட்டுற காசுக்கு இதவிடப் பெரிய எஞ்சின் உள்ள காரே வாங்கிறலாம். அப்பிடியே கட்டினாலும் பழைய பிரேக்கு, பழைய கியர் பொக்ஸ் தாங்குமா? பிஸ்டன் ரிங்க மாத்திட்டு நிம்மதியா ஓட்டுங்க. இது நல்ல எஞ்சின். அத அதுபாட்டுக்கு விடுங்க."

புத்தியுள்ளவன் தலையாட்டிவிட்டு ரிங் மாற்றியிருப்பான். எனக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டு வாசலில் நானே வேலை பார்த்தேன். தவில் பருமனில் ஒரு சைலன்சர் மாட்டினேன். காற்றை வடிகட்டும் எயார் பில்டர் எஞ்சினின் மூச்சை அடைக்கிறது என்று வீடியோவில் ஒருவன் சொன்னதால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கார்பரேட்டரின் மேல் வாயைப் பிளந்த ஒரு புனலைப் பொருத்தினேன். சத்தம் பிரமாதமாக வந்தது. வேகம் வரவில்லை. ஸ்கூல் வேன் ஒன்று என்னை முந்திக்கொண்டு போக, பிள்ளைகள் எனக்கு டாட்டா காட்டினார்கள்.

ஆனாலும் திட்டம் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலில் வண்டிக்குப் பூசை. ரேணுகாவையும் பாஸையும் அதற்கு அழைத்திருந்தேன். பூசை முடிந்ததும் இருவரையும் உக்குவளைக்கு ஏற்றிப்போய், இறங்கும்போது பாஸிடம் பெண் கேட்பது.

ஐயர் சந்தனம், குங்குமம் வைத்தார். மாலை போட்டார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"சாமி, எஞ்சின் புதுசா செஞ்சது. அதுக்கும் கொஞ்சம்..." என்று பொனட்டைத் திறந்தேன்.

"ஓடிக்கிட்டு இருக்கே தம்பி, நிப்பாட்ட வேணாமா?"

"வேணாம் சாமி, ஓடட்டும்." (ரேணுகாவுக்குச் சத்தம் கேட்க வேண்டுமே!)

ஐயர் தாராள மனசுக்காரர். தட்டிலிருந்த பூ, திருநீறு, அட்சதை எல்லாவற்றையும் இரு கைகளாலும் அள்ளி மந்திரத்தோடு தூவினார். அதே நேரம் நான் சீட்டில் ஏறி, அக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தேன். புனல் அத்தனையையும் உறிஞ்சிக் குடித்தது. எஞ்சின் ஒரு தரம் இருமியது. இரண்டு தரம் விக்கியது. சைலன்சர் 'டமார்' என்றது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஐயர் வெறும் தட்டோடு நின்றார். "இத்தன வருஷத்துல பிரசாதம் சாப்பிட்ட எஞ்சின இப்பத்தான் தம்பி பாக்குறேன்."

பின்னால் பூசைக்காகப் பல்லேகமவிலிருந்து வந்த புது டிரக்டர் ஒன்று காத்திருந்தது. அதன் சொந்தக்காரர் இறங்கிவந்து, "தல்லு கரன்னத மல்லி?" என்று சிங்களத்தில் பரிவோடு கேட்டார். தள்ளட்டுமா தம்பி என்று அவர் கேட்க, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வக்கில்லை. தள்ளினார்கள். நான்கு எலுமிச்சம்பழங்களும் பக்தர்களின் கைப்பலத்தில் நசுங்கின.

ரேணுகா வந்தாள். தலையிலிருந்து ஹேர்பின் ஒன்றை உருவி, கார்பரேட்டருக்குள் விட்டு, செவ்வந்தி இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பில்டர் எங்க?"

"மூச்சுத் திணறுதுன்னு... கழட்டிட்டேன்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். 'அண்ணே' வரப்போகிறது என்று எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் வந்தது சிரிப்பு. மட்கார்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"ஏங்க, யாருக்குக் காட்ட இவ்வளவு பாடு?"

"உங்களுக்குத்தான். உங்க வீட்டுல பொண்ணு கேக்கலாம்னு..." ஐயர், டிரக்டர் குடும்பம், வேடிக்கை பார்த்த சனம், அத்தனை பேர் முன்னாலும் உளறிவிட்டேன்.

ஆறுமுகம் பாஸ் கையிலிருந்த இதழ்களை ஐயரின் வெறும் தட்டில் கொட்டினார்.

"இவர வெளிய விட்டா இன்னும் எத்தன எஞ்சின கொல்லுவாரோ. நம்ம கண்ணு முன்னாடியே இருக்கட்டும், என்னம்மா?"

"பொனட்டத் தொட மாட்டேன்னு சூடத்துல சத்தியம் பண்ணட்டும், பாப்போம்," என்றாள் ரேணுகா. அங்கேயே, அப்போதே சத்தியம் செய்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தோல்வியையும் ஒப்புக்கொண்டதில்லை.

எங்கள் கல்யாணத்துக்கும் அதே ஐயர்தான். தாலி கட்டும் நேரம், சபை முழுக்க அட்சதையோடு எழுந்து நிற்க, அவர் மைக்கில் சொன்னார்: "மாப்பிள்ள, வாய மூடிக்குங்க."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்கு அட்சதை போட்டாலும் யாராவது ஒருவர் "வாய மூடு!" என்று கத்தாமல் இருப்பதில்லை. போன வருடம் கண்டியில் ரேணுகாவின் தம்பிக்குக் கல்யாணம். நாங்கள் வழக்கம்போல் கத்தினோம். பெண் வீட்டார் அதை எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம் என்று நினைத்து, பெரியவர் சிறியவர் எல்லோரும் பயபக்தியோடு வாயை இறுக மூடிக்கொண்டார்கள். நாதஸ்வரக்காரர்தான் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்.