பளிங்கண்ணனின் மூக்கு

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் பளிங்கண்ணனைப் போலச் சந்தேகப்பட இன்னொருவர் பிறந்ததில்லை. நாங்கள் வாடகைக்குத் தங்கியிருந்த கல்லடி போடிங் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த பொலிஸ்காரரே அவரைக் கண்டால் காரணமில்லாமல் நெளிவார்.

பளிங்கண்ணன் இரசாயன ஆராய்ச்சி மாணவர். நகமளவான தைத்தேனியம் ஒட்சைட்டுப் பளிங்கின் மேல் எண்ணெய், வாசனைப் பொருள் போன்ற சேதனச் சேர்வைகள் எப்படி ஒட்டுகின்றன, ஒட்டியபின் எப்படி உடைந்து வேறொன்றாகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அந்தப் பளிங்கு, காற்றில் போகும் எண்ணெய்ப் புகையைக்கூட இழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம். ஆய்வுகூடத்தில் யாராவது கைவைப்பார்கள் என்ற சந்தேகத்தில் அதை டப்பாவில் போட்டு அறைக்கே கொண்டுவந்துவிட்டார்.

கொழும்பில் உள்ள பெரிய கருவியில் அதைச் சோதிக்க ஒரு நாள் கிடைத்திருந்தது. அழுக்கோடு போனால் அந்த நாளும் போச்சு, பட்டமும் தள்ளிப்போகும்.

அதனால் நாங்கள் எல்லோரும் எதிரிகளானோம். வீட்டுக்கார ரோஸ் அன்ரி மீன் பொரித்தால் அவர் அறைக் கதவிடுக்கில் ஈரத்துணி ஏறும். எங்களோடு தங்கியிருந்த காத்தான்குடி பாரூக் அத்தர் பூசி வந்தால் வாசலிலேயே விசாரணை நடக்கும்.

"ஜும்மாக்குப் போய் வாறன் அண்ணன். மறுகா மண்ணெண்ணெயா பூசுற?"

"ஐயோ, அது இதவிட மோசம்!"

தினமும் காலையில் பீனிசத்துக்கு மூக்கில் தைலத்தை அப்பிக்கொண்டு டப்பாவைத் திறப்பார். எங்கள் மணம் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பளிங்கை மூக்கோடு அணைத்து மோந்து பார்த்துவிட்டு, திருப்தியாக மூடுவார்.

கொழும்பிலிருந்து திரும்பியவர் பேயறைந்தவராக வாசலில் நின்றார்.

"மீனும் இல்ல, அத்தரும் இல்ல. பளிங்கு முழுக்கக் கற்பூரம்! ஆரு இஞ்ச சாமி கும்பிட்ட?"

அன்ரி வேதக்காரி, பாரூக் முஸ்லிம். ஆகவே மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோயிலுக்குப் போவதே பொங்கலுக்குத்தான் என்று சத்தியம் செய்தேன்.

அன்ரி கிட்டே வந்து அவர் முகத்தை மோந்தார். "முதல்ல உன்ட மூக்கக் கழுவிட்டு வந்து கேள் மனே."

அவர் மூக்கைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார்; தைலத்தில் இருந்த அதே கற்பூரம். படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். பளிங்கைச் சூளையில் சுட்டால் சுத்தமாகிவிடும், போன நாளை எதில் சுடுவது?

கொழும்புக் கருவியில் இன்னொரு நாள் கிடைக்கும்வரை அன்ரி மீனைக் குழம்புதான் வைத்தார். பாரூக் அத்தர்க் குப்பியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தான். யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

பளிங்கண்ணன் பட்டம் வாங்கிப் போய்விட்டார். இப்போது வீடெல்லாம் மீன் பொரியல் மணக்கிறது. கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து எங்களைச் சந்தேகப்பட ஒருவருமில்லையே என்றுதான் கவலையாக இருக்கிறது.