பாடு போட்டு வாங்கிய கம்ப்யூட்டர்

"தெரியாது" என்ற வார்த்தையை நான் முதன்முதலில் வாய் திறந்து சொன்னது என்னுடைய இருபத்து மூன்றாவது வயதில். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குடும்பத்தார் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, வளைத்துத் தொலைத்த ஒரு சாமானைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். அதற்கு முன்பு வரை எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றுமே இருந்ததில்லை. நான் பி.சி.ஏ. படித்தவள் அல்லவா!

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் கோட்டைக்குப்பத்தில் பி.சி.ஏ. என்பது ஒரு பதவி. கரண்டில் ஓடுகிற எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மிக்சி சுற்றவில்லை என்றாலும் நான், டிவி ரிமோட் மக்கர் செய்தாலும் நான். ஒரு தடவை நண்டு எடை போடுகிற எலெக்ட்ரானிக் தராசைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். நானும் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாஃப்ட்வேர் பிராப்ளம்" என்று தீர்ப்புச் சொன்னேன். (பேட்டரி தீர்ந்திருந்தது.) மூன்று வருடம் பொன்னேரிக்குப் பஸ் ஏறி இறங்கி நான் கற்றுக்கொண்டது, திரையில் நட்சத்திரக் குறிகளை முக்கோணமாக வரவழைப்பது. ஒரு கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தது கிடையாது. இதை ஊரில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

இந்த லட்சணத்தில் எனக்கு ஒரு வேலை வந்தது. படித்து முடித்து இரண்டு வருடம் சும்மா உட்கார்ந்து, விண்ணப்பம் போட்ட இடத்தில் எல்லாம் "சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லியே அனுப்பிய பிறகு வந்த முதல் வேலை. கம்ப்யூட்டர் உதிரி பாகங்கள் விற்கிற கம்பெனி. வாங்கியவர்கள் கேட்கிற சந்தேகங்களுக்கு வீட்டில் இருந்தபடியே பதில் எழுத வேண்டும். சொந்தமாக ஒரு டெஸ்க்டாப் இருக்க வேண்டும், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதிலிருந்தே வீடியோவில் பேச வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று ஒரு மேடம் வியாழக்கிழமை போனில் சொன்னார். "வீட்ல இருக்கு மேடம்" என்று நான் பட்டென்று சொல்லிவிட்டேன். வீட்டில் இருந்தது டிவி.

அன்று சாயங்காலமே நைனா கூட்டம் போட்டார். (நைனா என்றால் அப்பா. ஆந்திரா எங்களுக்கு அவ்வளவு பக்கம்.) அம்மா, தோணிரேவிலிருந்து மாமா, அடுத்த தெருவிலிருந்து சித்தப்பா, எல்லாரும் வந்தார்கள்.

"ஒருத்தன் தலைலயே எதுக்குக் கட்டணும்? பாடு போட்டுக்கலாம்" என்றார் நைனா.

பாடு என்பது எங்கள் ஏரியின் சட்டம். எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வோம். சீட்டில் வந்த இடம் உன்னுடையது. அதில் நீ எந்த வலை போட்டாய், எப்படிப் போட்டாய் என்று அடுத்தவர் மூச்சு விடக் கூடாது. கேட்டால் அவமரியாதை. சண்டை சச்சரவு இல்லாமல் மீன் பிடிக்க அருமையான ஏற்பாடு. இதை வைத்துக் கம்ப்யூட்டர் வாங்கிய ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சீட்டு எழுதிய மேதை நான்தான். பெட்டி, போர்டு, புராசஸர், ரேமும் டிஸ்க்கும் என்று நான்கே சீட்டு. எந்த போர்டு, எந்த புராசஸர் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அதில் "எந்த" என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாதே! கத்தரிக்காய் என்று எழுதினால் கத்தரிக்காய் வந்துவிடாதா என்ன? சொம்பில் போட்டுக் குலுக்கினோம். அம்மாவுக்குப் பெட்டி வந்தது, சித்தப்பாவுக்கு போர்டு, மாமாவுக்கு புராசஸர், நைனாவுக்கு ரேமும் டிஸ்க்கும்.

சனிக்கிழமை மாமாவும் சித்தப்பாவும் சென்னைக்குப் போனார்கள். ஒரே பஸ், ஒரே ரயில், ஒரே தெரு, பக்கத்துப் பக்கத்துக் கடை. வாங்கி முடித்து ஒன்றாக நின்று டீயும் குடித்தார்கள். நீ என்ன வாங்கினாய் என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்கவில்லை. அவரவர் பாடு ஆயிற்றே! நைனா தனியாகப் போனார். கடைக்காரர் "எந்த டைப் வேணும்?" என்று கேட்டதற்கு, "நல்லதா குடு" என்று சொல்லி வாங்கிவந்தார். அம்மா பீரோ வாங்குகிற மாதிரி தட்டித் தட்டிப் பார்த்து, கடையிலேயே பெரிய பெட்டியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாள். பக்கவாட்டில் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏழு கலரில் விளக்கு. தேர்த் திருவிழாவுக்குக் கொடுத்துவிடலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்துப் பெட்டியை நடுவில் வைத்தோம். அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். நான் கையில் ஸ்குரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டருக்குக்கூட அவ்வளவு பந்தா இருக்காது.

போர்டை எடுத்து வைத்தேன். அதன் நடுவில் சதுரமாக ஒரு குழி, குழி நிறைய மயிரிழை மாதிரி ஊசிகள். சரி, இதன் மேல் உட்காருகிற புராசஸர் அடியில் வழவழவென்று இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்து மாமாவின் புராசஸரைத் திருப்பினேன். அதன் அடியிலும் ஊசி. வரிசை வரிசையாக, அழகாக, நூற்றுக்கணக்கில்.

"இன்னா பாப்பா, முள்ளு மேல முள்ளா கீது?" என்றார் நைனா. படகு என்ஜினை முப்பது வருடமாகப் பிரித்து மாட்டுகிறவர். அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது. ஆனால் நான் பி.சி.ஏ. ஆயிற்றே.

"அப்டித்தான் நைனா இருக்கும். ரெண்டும் ஒன்னோட ஒன்னு பின்னிக்கும்" என்றேன்.

(இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.)

வைத்தேன். உட்காரவில்லை. "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்றேன். "லேசா ஒரு அமுக்கு அமுக்கு" என்றார் சித்தப்பா. அமுக்கினேன். நண்டு ஓட்டைக் கடித்தால் வருமே, அப்படி ஒரு சத்தம் வந்தது. நால்வர் முகமும் மாறியது. நான் மட்டும் முகத்தை மாற்றாமல், "ம், எறங்கிடுச்சி" என்றேன்.

அடுத்தது ரேம். நீளப் பட்டை, அடியில் ஒரு வெட்டு. போர்டின் பள்ளத்தில் ஒரு தடுப்பு. வெட்டு ஓரிடம், தடுப்பு இன்னோர் இடம். எப்படித் திருப்பி வைத்தாலும் சேரவில்லை. "அரை நூலுதான் வித்தியாசம்" என்று சொல்லிக்கொண்டே நைனா எழுந்துபோய், படகுப் பெட்டியிலிருந்து அரத்தை எடுத்துவந்தார். நான் தடுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ராவினால் உட்கார்ந்துவிடும் என்றுதான் தோன்றியது. "பாத்து நைனா, ரொம்ப வேணாம்" என்று அளவு வேறு சொன்னேன். கரகரவென்று ராவினார். உட்கார்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

திரைக்குப் பதிலாக வீட்டு டிவியில் வயரைச் செருகி, சுவிட்சைப் போட்டேன். ஏழு கலரும் எரிந்தன. டிவியில் ஒன்றும் வரவில்லை. அணைத்தேன், போட்டேன். விளக்கு மட்டும் ஜோராக எரிந்தது. பத்துத் தடவைக்குப் பிறகு புராசஸரைக் கழற்றினேன். அடியில் இருந்த ஊசி எல்லாம் சூறைக்காற்றில் சாய்ந்த சவுக்குத்தோப்பு மாதிரி படுத்துக் கிடந்தன. போர்டின் குழியைப் பார்க்கவே தைரியம் வரவில்லை. மறுநாள் பத்து மணி. இரண்டு வருடத்தில் கிடைத்த ஒரே வேலை.

"இன்னா ஆச்சி பாப்பா?" என்றார் மாமா.

"தெரியாது" என்றேன். "எனக்கு ஒன்னுமே தெரியாது மாமா. இதுக்கு முன்ன ஒரு கம்ப்யூட்டரத் தொறந்து பாத்ததேயில்ல."

"அப்ப மூணு வருசம் பஸ் ஏறிப் போயி இன்னாத்த படிச்ச?" என்றாள் அம்மா. அதற்கு நான் அழுததுதான் பதில். வாய்விட்டு, மூக்கு ஒழுக, சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

நைனா எழுந்தார். பெட்டியைத் தூக்கி ஷேர் ஆட்டோவில் ஏற்றினார். ஐந்து பேரும் பழவேற்காடு பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஷமீம் அக்கா முன்னால் போய் நின்றோம். தன் கடை மெஷின்களைத் தானே பிரித்து மாட்டுகிற ஆள் அவர். கண்ணாடியைத் திறந்து பார்த்தார். ரேமை வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"இத்த எலி கடிச்சிதா?"

"நான்தான் ராவுனேன்" என்றார் நைனா.

அக்கா கொஞ்ச நேரம் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு திரும்பி, "போர்டு ஒரு கம்பெனிக்குன்னு செஞ்சது, புராசஸரு இன்னொரு கம்பெனி. ரேமு அதுக்கும் முந்தின காலத்துது. வாங்க சொல்லோ ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கலியா?" என்றார்.

மாமா சித்தப்பாவைக் காட்டினார், சித்தப்பா மாமாவைக் காட்டினார். "அது அவரு பாடு" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

நல்ல வேளை, அக்காவின் கடையில் மூடி உடைந்துபோன பழைய கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் கிடந்தது. அதிலிருந்த போர்டு, புராசஸர், ரேம் மூன்றையும் ஒன்றாகக் கழற்றி எங்கள் பெட்டிக்குள் மாட்டினார். நைனாவின் டிஸ்க் மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது. அரை மணி நேரத்தில் திரை எரிந்தது. ஒரு கேமராவையும் இரவல் கொடுத்தார்.

எனக்கு உயிர் வந்தது. மாமாவுக்கு முகம் தொங்கிப்போனது. "அப்ப என் பாடு உள்ள இல்லியா?" என்றார். பாடு எடுத்தவருடைய சாமான் உள்ளே இல்லையென்றால் அவரை ஒதுக்கிவிட்டதாக அர்த்தம். சித்தப்பாவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் என்ன செய்தோம் தெரியுமா? செத்துப்போன புராசஸர், போர்டு, ராவிய ரேம் மூன்றையும் பிளாஸ்டிக் கவர்களில் போட்டு, கண்ணாடிக்கு உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி டேப் வைத்து ஒட்டினோம். அதற்குப் பிறகுதான் இருவரும் ஆட்டோவில் ஏறினார்கள்.

திங்கட்கிழமை பத்து மணி. மேடம் திரையில் வந்தார். நால்வரும் எனக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே போகச் சொல்ல முடியுமா? பங்காளிகள் ஆயிற்றே.

"உங்க சிஸ்டத்த காட்டுங்க" என்றார் மேடம். கேமராவைத் திருப்பினேன். ஏழு கலர் விளக்கில் கவர்கள் மின்னின.

"அது என்ன பாக்கெட்?"

"அது என்னுது மேடம், புராசஸரு" என்றார் மாமா. "பக்கத்துல கீறது என்னுது" என்றார் சித்தப்பா.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஓகே. எங்களுக்கு வர்ற கேள்வியெல்லாம் எது எதோட பொருந்தும்கறதுதான். உங்களுக்கு ஹார்டுவேர் தெரியுமா?"

வழக்கமாக என் வாயிலிருந்து தானாக வருகிற பதில் தொண்டை வரைக்கும் வந்தது. மேடத்திடம் பொய் சொல்லிவிடலாம். பின்னால் உட்கார்ந்திருக்கிற நான்கு பேரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? "தெரியாது மேடம்" என்றேன். சொன்னதும் வேலை போய்விட்டது என்று உறுதியாகத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

சட்டென்று நைனாவின் தலை என் தோளுக்கு மேலே நீண்டது.

"அய்யய்யோ, அது பொய் சொல்லுது மேடம்! நல்லாத் தெரியும். போர்டு ஒன்னு, புராசஸரு ஒன்னு, ரேமு ஒன்னு, எல்லாத்தயும் ஒரே நாள்ல ஒடச்சிப் பாத்துடுச்சி. இதுக்கு மேல இன்னா தெரியணும்?"

"ரேமு நீ ஒடச்சது" என்றாள் அம்மா.

மேடத்தின் மைக் அணைந்தது. திரையில் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது மட்டும் தெரிந்தது. மைக் மறுபடி வந்ததும், "புராசஸர் உக்கார மாட்டேங்குதுனு ஒரு கஸ்டமர் எழுதினா மொதல்ல என்ன பதில் எழுதுவீங்க?" என்று கேட்டார்.

"தயவுசெஞ்சி அமுக்காதீங்கனு எழுதுவேன் மேடம்."

"நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க" என்றார்.

அந்த வேலையில்தான் இன்றைக்கும் இருக்கிறேன். வீட்டில் மட்டும் அன்றோடு ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாராவது எனக்கு அது தெரியும், இது தெரியும் என்று வாய் திறந்தால் போதும், "எத்தினி ஒடச்சிருக்க?" என்று கேட்பார்கள். புது சமையல் செய்கிற சித்தியைக் கேட்பார்கள், கரண்டு வேலைக்கு வந்த ஆளையும் கேட்பார்கள். போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அது நிற்கவில்லை. "பையன் கார் நல்லா ஓட்டுவான்" என்று பையனின் அப்பா பெருமையாகச் சொன்னார். "எத்தினி ஒடச்சிருக்காரு?" என்று கேட்டார் நைனா. எங்கள் வீட்டார் அத்தனை பேரும் மாப்பிள்ளை முகத்தையே பார்த்தோம். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, "ரெண்டு" என்றார்.

"ரெண்டா? எங்கிட்ட ஒன்னுனு தானடா சொன்ன!" என்று அவர் அப்பா எங்கள் வீட்டுக் கூடத்திலேயே மகனோடு சண்டைக்கு நின்றார். அடுத்த மாதம் எங்களுக்குக் கல்யாணம் ஆனது.